முழங்கால் தண்ணீரில் தூண்டில்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பேராக்கில், தாப்பாவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். காலையில் பால்மரம் சீவிவிட்டு வரும் அப்பாவுடன் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் விராலுக்கும் கெளுத்திக்கும் தூண்டில் போட்டிருக்கிறேன். வேலை நிமித்தம் பினாங்குக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறு விடியலில் தஞ்சோங் பூங்காவிலும் தெலுக் பஹாங்கிலும் கடலுக்குள் இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் வீசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கும் ஆசை வருகிறது. கடையில் விசாரித்தால் ஆயிரம் வெள்ளிக்குக் குறையாத பட்டியலைத் தருகிறார்கள். எனக்கு நீச்சல் அரைகுறைதான். எதை வாங்கி, எங்கிருந்து தொடங்குவது? அப்பாவுக்கு இப்போது 68 வயது, என்னுடன்தான் இருக்கிறார். அவரையும் அழைத்துச் செல்லலாமா?

அன்புடன்,
ம., பாயான் லெப்பாஸ்

அன்புள்ள ம.,

ஈயக்குட்டையில் கற்றது வீணாகாது. ஆனால் குட்டைக்கும் கடலுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை மட்டும் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். குட்டையில் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், மீன்தான் நகரும். கடலோர ஆழமற்ற நீரில் தண்ணீரே நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது, மீன் அதனுடன் வந்து அதனுடன் போகிறது. ஆகவே தூண்டில் கோலைப் பற்றிய கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, முதல் ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு மூங்கில் கழியை மட்டும் எடுத்துக்கொண்டு, நீர் முழுவதும் வற்றிய நேரத்தில் நீங்கள் நிற்க விரும்பும் இடத்தை நடந்து பாருங்கள். மணல் எங்கே கெட்டியாக இருக்கிறது, எங்கே சேறு கணுக்காலை விழுங்குகிறது, மணல்திட்டுகளுக்கு நடுவே வாய்க்கால் போல ஓடும் பள்ளம் எங்கே தொடங்கி எங்கே கடலைச் சேர்கிறது என்பதையெல்லாம் உங்கள் பாதம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பினாங்குக் கடல் கலங்கல் நீர். முழங்கால் ஆழத்தில்கூட உங்கள் பாதம் உங்களுக்குத் தெரியாது. வற்றத்தில் பார்த்துவைத்த தரைதான் ஏற்றத்தில் உங்களுக்குக் கண்.

அந்தப் பள்ளத்தை இங்குள்ள மலாய் மீனவர்கள் அலூர் என்பார்கள். அதைப் பற்றி நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மீன் கிடைப்பதும் அதனால், ஆபத்து வருவதும் அதனால். ஏற்றத்தின்போது புது நீர் முதலில் அலூர் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அதில் இறாலும் மடவைக் குஞ்சும் நண்டும் வர, அவற்றைத் தொடர்ந்து சியாக்காப் என்று நாம் அழைக்கும் கொடுவாவும், செனாங்கின் என்னும் காலாவும், கெலாமாவும் வருகின்றன. வற்றத்தில் அதே இரை அதே வழியாக வெளியேறும்போது பெரிய மீன் அதன் வாயில் காத்திருக்கிறது. எனவே தூண்டில்காரன் நிற்க வேண்டிய இடம் அலூரின் ஓரம். அதைக் கடந்து அப்பால் போய் நிற்பது தவறு.

நான் கடந்து நின்றிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வற்றத்தின் முடிவில், முழங்காலுக்கும் கீழே நீர் ஓடிய ஓர் அலூரைத் தாண்டி ஒரு மணல்திட்டில் ஏறி நின்றேன். அடுத்தடுத்து இரண்டு செனாங்கின் ஏறிய மகிழ்ச்சியில் வேறெதையும் கவனிக்கவில்லை. அதுவரை கடலை நோக்கி என் கெண்டைக்காலை இழுத்துக்கொண்டிருந்த நீர், எந்த நேரத்தில் என்று தெரியாமல், பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியிருந்தது. திட்டின்மேல் என் கணுக்கால்தான் நனைந்திருந்தது. ஆனால் எனக்கும் கரைக்கும் நடுவே இருந்த அலூர் நெஞ்சளவுக்கு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. சம்பானில் போய்க்கொண்டிருந்த ஒரு முதிய மீனவர் "ஆயிர் நாயெக்!", தண்ணீர் ஏறுகிறது, என்று கத்தி, படகைத் திருப்பிக் கொண்டுவந்து, அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னைக் கரை சேர்த்தார். இறங்கிய பிறகு அவர் திட்டவில்லை. துடுப்பை நீட்டி அலூரை மட்டும் காட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து, வற்றத்தோடு உள்ளே இறங்குவதும், வற்றம் முடிவதற்கு அரை மணி நேரத்திற்கு முன்பே கரைப்பக்கம் வந்துவிடுவதும், ஏற்றத்தில் கரையை ஒட்டி நின்று வீசுவதும்தான் என் வழக்கம். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பினாங்கில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 2 மீட்டர் வேறுபாடு இருக்கும். இது ஆறு மணி நேரத்தில் சீராக ஏறுவதில்லை. முதல் மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவது, நான்காவது மணிகளில் மும்மூன்று பங்கு என்பது பழைய மாலுமிகளின் கணக்கு. அதாவது அந்த நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் 1 மீட்டர் நீர் ஏறிவிடும். முழங்காலில் இருந்தது இடுப்பைத் தாண்டிவிடும். வளர்பிறை, தேய்பிறை அட்டமியை ஒட்டி வரும் நாள்களில் நீரோட்டம் தளர்ந்திருக்கும். அதை மலாய்க்காரர்கள் ஆயிர் மாத்தி, செத்த தண்ணீர், என்பார்கள். மீன் குறைவாகக் கிடைத்தாலும் தொடக்கக்காரருக்கு அந்த நாள்களே நல்லவை. ஓத நேரங்களைக் கடற்படையின் தேசிய நீரியல் மையம் ஆண்டுதோறும் அட்டவணையாக வெளியிடுகிறது. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதை நினைவில் வைத்தால், போன ஞாயிறு பார்த்த நேரத்தை நம்பி இந்த ஞாயிறு இறங்க மாட்டீர்கள்.

இனிப் பொருள்கள். ஆயிரம் வெள்ளிப் பட்டியலை மடித்து வைத்துவிடுங்கள். ஏழு அல்லது எட்டு அடி நீளமுள்ள நடுத்தரக் கோல் ஒன்று, 2500 அல்லது 3000 என்ற அளவு எண் கொண்ட, நூல் சுற்றும் மெஷின் ஒன்று, 15 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நூல், அதன் நுனியில் இரு கைகளையும் விரித்த நீளத்துக்கு 30 பவுண்டு தங்கூசி, அதாவது நைலான் நரம்பு. கொடுவாவின் செவுள்மூடியின் விளிம்பு கத்தி போன்றது, மெல்லிய நூலை அறுத்துவிடும்; தடித்த தங்கூசி அதற்காகத்தான். இரைக்கு உயிருள்ள இறாலைவிடச் சிறந்ததை நான் இன்னும் காணவில்லை. கோலும் மெஷினும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவப்பட வேண்டும், அவ்வளவுதான்.

காலுக்கு வாங்குவதில்தான் கவனம் தேவை. குளிர்நாட்டுக்காரர்கள் அணியும் நெஞ்சுயர ரப்பர் கால்சட்டை இங்கே வேண்டாம். நம் கடல் நீர் ஆண்டு முழுவதும் 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெதுவெதுப்பாகவே இருக்கிறது; தவறி விழுந்தால் அந்தக் கால்சட்டைக்குள் நீர் நிறைந்து எழ விடாது. மெல்லிய முழுநீளக் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போதும். சொறிமீனின் இழைகள் நேராகத் தோலில் படாமல் அவையே தடுக்கும். உங்கள் அப்பா தோட்டத்தில் போட்டிருக்கக்கூடிய, அடியில் குமிழ் வைத்த கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதாவது அடிடாஸ் கம்போங், மிகக் குறைந்த விலைக்கு இன்றும் கிடைக்கிறது. சேற்றிலும் பாசி படிந்த பாறையிலும் அதைவிடப் பிடிப்பான காலணியை நான் பார்த்ததில்லை. ஆனால் திருக்கையின் முள்ளை அது தடுக்காது. அதனால் காலைத் தூக்கி வைத்து நடக்காமல், தரையைத் தேய்த்துக்கொண்டே நகருங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அசைவை உணர்ந்து விலகிப் போகும். மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். அப்படியும் குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறத்தாழ 45 பாகையில், காலை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். செம்பிலாங், டூரி போன்ற முள்ளுடைய கெளுத்திகள் தூண்டிலில் ஏறினால் வெறுங்கையால் தொடாதீர்கள். குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். பையில் ஒரு போத்தல் வினிகர் இருக்கட்டும். பினாங்கு நீரில் பெட்டிச் சொறிமீனும் உண்டு. அது பட்ட இடத்தைத் தேய்க்காமல், நல்ல தண்ணீர் விடாமல், வினிகரை ஊற்றிவிட்டு உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.

நீச்சல் அரைகுறை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உயிர்காப்பு மேலங்கி இல்லாமல் இறங்காதீர்கள், தொடைக்கு மேல் நீர் உள்ள இடத்துக்குப் போகாதீர்கள், தனியாகப் போகாதீர்கள். இந்த மூன்றிலும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. பாலிக் புலாவ் பக்கத்துச் சேற்றுக்கரைகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அங்கே கால் இறங்கினால் எடுப்பது கடினம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே முதல் செப்டம்பர் வரை, சுமத்திராவிலிருந்து விடியற்காலையில் திடீரென்று சூறைக்காற்று வரும். மேற்கு வானம் கறுத்தாலோ ஓர் இடி கேட்டாலோ கோலைத் தாழ்த்திக்கொண்டு வெளியேறுங்கள். கார்பன் கோல் மின்னலைக் கடத்தக்கூடியது. அட்டவணைக்குச் சற்றும் பொருந்தாமல் கடல் பின்வாங்குவதைக் கண்டால், மீனைப் பொறுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று இந்த மாநிலத்தில் 52 பேரைக் கடல் கொண்டுபோனதை இங்குள்ள கடற்கரைக் குடும்பங்கள் மறக்கவில்லை.

மீன் எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு நீரின் மேற்பரப்பைப் பார்க்கப் பழகுங்கள். அமைதியான நீரில் கைப்பிடி அரிசியை வீசியது போல இறால்கள் சிதறித் தெறித்தால் கீழிருந்து ஏதோ விரட்டுகிறது என்று பொருள். ஒரு மடவை சும்மா துள்ளும். நான்கைந்து ஒரே திசையில் துள்ளினால் அவற்றின் பின்னால் வீசுங்கள். தெளிந்த நீரும் கலங்கிய நீரும் சந்திக்கும் கோட்டை ஒட்டி வீசுங்கள். கொக்கு நிற்கும் இடத்தை அலட்சியம் செய்யாதீர்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் ஆழமற்ற நீர் சூடேறி, மீன் ஆழத்துக்குப் போய்விடும். அதன்பிறகு நிற்பது வெயிலுக்காக நிற்பதுதான்.

பெரிய கொடுவா கிடைத்தால் ஒரு வேண்டுகோள். அந்த இனம் ஆணாகப் பிறந்து வளர்ந்தபின் பெண்ணாக மாறுவது. பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்கள். படம் எடுத்துக்கொண்டு நீரில் விட்டுவிடுங்கள். குழம்புக்கு இரண்டு கிலோ மீன் போதும்.

அப்பாவை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். அவரை நீருக்குள் இறக்க வேண்டாம், ஆனால் சும்மா உட்காரவும் வைக்க வேண்டாம். நீங்கள் இறங்கும்போது நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, அதை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். நீர் குச்சியைவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போகும். அந்த இறக்கம் நின்று, விளிம்பு ஓர் இடத்திலேயே தங்கியும் நீங்கள் கரைப்பக்கம் திரும்பியிருக்காவிட்டால் உங்களைக் குரல் கொடுத்துக் கூப்பிடட்டும். கூப்பிட்டவுடன் நீங்கள் வர வேண்டும், தூண்டிலில் என்ன இருந்தாலும் சரி. அவர் கையிலும் ஒரு கோலைக் கொடுங்கள். விடியலில் ஏற்ற நீர் கரையைத் தொடும்போது கணுக்கால் ஆழத்தில்கூடக் காலாவும் கெலாமாவும் மேயும். அவசரப்பட்டு உள்ளே இறங்குகிறவர்கள் அவற்றைக் கலைத்துக்கொண்டுதான் போகிறார்கள். ஆகையால் இறங்குவதற்கு முன், காய்ந்த மணலில் நின்று, கரைக்கு இணையாக முதல் பத்து வீச்சையும் அவரையே வீசச் சொல்லுங்கள்.