வரிசை ஏன் தடுமாறுகிறது? நினைவாற்றல் கேள்வி பதில்

பெரம்பூரிலிருந்து: சார், ஆறு இலக்க ஓடிபி வந்தா எண்ணெல்லாம் ஞாபகம் இருக்கு, நடுவுல ரெண்டு மட்டும் இடம் மாறிடுது. ஏன்?

பதில்: எந்த எண் வந்தது என்பதோடு, அது எந்த இடத்தில் வந்தது என்பதும் தனியே பதிகிறது. இந்த இட அடையாளம் அவ்வளவு கூர்மையானதல்ல. பக்கத்து இடத்தோடு கலந்துவிடும். அதனால்தான் அடுத்தடுத்த எண்கள் மாறுகின்றன. ஓரத்து எண்ணுக்கு ஒரு பக்கம்தான் அண்டை, நடு எண்ணுக்கு இரு பக்கமும். 482, 917 என்று மும்மூன்றாகப் பிரித்து, இடையில் சற்று நிறுத்திச் சொல்லுங்கள். பிழை நன்றாகக் குறையும். அப்போதும் ஒரு பிழை மிஞ்சும்: 412, 987 என்று இரு கூட்டங்களின் நடு எண்களும் இடம் மாறும். இட அடையாளம் உண்டு என்பதற்கு இதுவே நல்ல சாட்சி.

சைதாப்பேட்டையிலிருந்து: அப்போ ஒண்ணு அடுத்ததை இழுத்துட்டு வருதுங்கிறது தப்பா? மாம்பலம்னா சைதாப்பேட்டை, அடுத்து கிண்டின்னு தானா வருதே?

பதில்: தப்பில்லை, ஆனால் அது பாதிக் கதை. அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து ஆராய்ந்த எபிங்ஹாஸ் 1885இல் காட்டியது இது: பழைய பட்டியலில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்து அடுக்கிய புதுப் பட்டியலும் சீக்கிரம் மனதில் ஏறுகிறது. அதாவது, தள்ளி இருப்பதோடும் இணைப்பு உண்டு, பலம்தான் குறைவு. ஒன்று அடுத்ததை இழுக்கும் வெறும் சங்கிலி மட்டும் போதாது என்பதை 1968இல் உளவியலாளர் பேட்லியின் சோதனை தெளிவாக்கியது. ஒலியில் ஒத்த எழுத்துகளையும் ஒவ்வாத எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். சங்கிலியாக இருந்தால், குழப்பமான எழுத்துக்கு அடுத்து வருவதுதான் தவற வேண்டும். தவறியவை ஒத்த ஒலி எழுத்துகளே, அடுத்தவை தப்பித்தன.

மயிலாப்பூரிலிருந்து: பாட்டு மேடம் நடுவுல நிறுத்தி சரணத்தை எடுக்கச் சொன்னா வரமாட்டேங்குது. பல்லவியிலிருந்து வந்தாத்தான் வருது.

பதில்: பலமுறை பாடிய வரிசையில் முன்னோக்கிய இணைப்பு மிக வலுவாகிவிடும்; நுழைவாசல் மட்டும் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, வந்த இடத்திலிருந்து பாடுங்கள். பிறகு ஒட்டுமிடங்களைப் பழகுங்கள்: ஒரு வரியின் கடைசிச் சொல், அடுத்ததின் முதல் சொல், அவ்வளவு மட்டும்.

தாம்பரத்திலிருந்து: குரூப் 2 படிக்கிறேன் சார். 73வது திருத்தம்னா பஞ்சாயத்துன்னு வருது. பஞ்சாயத்துன்னு கேட்டா எண் வரலை.

பதில்: ஜோடி இணைப்பு பொதுவாக இரு திசையிலும் ஏறக்குறைய ஒரே பலம் கொண்டது. இங்கே சிக்கல் எண்ணில்: 73, 74, 42, 44 எல்லாம் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு பக்கம் எண்ணும் மறுபக்கம் பொருளும் எழுதிய அட்டைகள் செய்து, இரு பக்கத்திலிருந்தும் கேட்டுப் பழகுங்கள். தவறியதை உடனே கேட்காதீர்கள், நான்கைந்து அட்டை தள்ளிச் செருகுங்கள். உடனே கேட்டால், காதில் இன்னும் ஒலிப்பதைத்தான் திருப்பிச் சொல்வீர்கள்.