சாமிப் பாறையில் போல்ட் அடிக்கலாமா?

கேள்வி: நான் சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். வயது 24. நண்பர்கள் சிலர் சேர்ந்து விடுமுறை நாட்களில் பாறை ஏறுகிறோம். ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தை ஒட்டி, இதுவரை யாரும் ஏறாத பாறை ஒன்றைக் கண்டுபிடித்தோம். போல்ட் அடித்து ஏறுபாதை அமைக்கப் போனபோது ஊர்ப் பெரியவர் ஒருவர், "அது சாமிப் பாறை, ஆணி அடிக்காதீர்கள்" என்று தடுத்துவிட்டார். அங்கே சிலையும் இல்லை, கோயிலும் இல்லை. "பாக்சைட்டுக்காக மலையையே வெட்டியிருக்கிறார்கள், பத்து போல்ட்டால் என்ன ஆகிவிடும்? ஊர்க் கோயிலுக்கு நன்கொடை கொடுத்துவிட்டு, விடிவதற்குள் போய் வேலையை முடித்துவிடலாம்" என்கிறான் நண்பன். என்ன செய்வது?

பதில்: விடிவதற்குள் முடித்துவிடலாம் என்று சொல்லும்போதே, அது செய்யக்கூடாத வேலை என்பது உங்கள் நண்பருக்குத் தெரிந்திருக்கிறது. அடிக்காதீர்கள். நீங்கள் 'கண்டுபிடித்த' பாறைக்கு ஊரில் ஏற்கெனவே பெயரும் இருக்கிறது, கவனித்தீர்களா?

சிலை இல்லை என்கிறீர்கள். ஏற்காட்டில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். மலை உச்சியில் குனிந்து நுழைய வேண்டிய குகைதானே அது? இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு (கேரள மலையாளிகள் அல்ல) சேர்வராயன் என்பது சாமியின் பெயர். மலைக்கும் அதே பெயர்தான். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அங்கே திரள்கின்றன. மலையே சாமியாக இருக்கும் இடத்தில் கோபுரத்தைத் தேடினால் எப்படி?

பாக்சைட் வாதம் கேட்க வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை அந்தப் பெரியவரின் இடத்தில் நின்று யோசியுங்கள். இயந்திரத்தோடு மலையேறி வந்தவர்கள் என்ன செய்துவிட்டுப் போனார்கள் என்று பார்த்தவர், டிரில்லோடு வரும் உங்களை மட்டும் வேறாக ஏன் நினைக்க வேண்டும்? பெரிய காயம் ஏற்கெனவே இருப்பது சின்னக் காயத்துக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

போல்ட் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பாறையில் விரல் தடிமனுக்குத் துளை போட்டு, தூளை ஊதி வெளியேற்றி, எஃகுத் தண்டைச் சுத்தியலால் அடித்து இறக்கி, ஸ்பானரால் முறுக்கி இறுக்குவார்கள். அதில் மாட்டிய கயிறுதான் விழுகிறவரைத் தாங்கும். சேர்வராயன் மலையின் சார்னோகைட் மிகக் கடினமான பாறை. அதில் போட்ட துளை தானாக ஆறாது. மட்டமான போல்ட்டாக இருந்தால் மழை பட்டுத் துருப்பிடித்து, பாறை நெடுகக் கறை வழியும். போதாக்குறைக்கு, பாறை விளிம்பில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால் டிரில் அதிர்வுக்கு அது சும்மா இருக்காது; கயிற்றில் தொங்குகிறவர் ஓடவும் முடியாது.

மறுபடியும் ஊருக்குப் போங்கள், டிரில் இல்லாமல். பெரியவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: ஐயா, துளை போடுவதுதான் வேண்டாமா, ஏறுவதே கூடாதா? செருப்புக்காலோடு மிதிக்கக்கூடாது என்பதாக இருக்கலாம். குறிப்பிட்ட பக்கத்தைத் தொடக்கூடாது என்பதாக இருக்கலாம். துளைதான் சிக்கல் என்றால், மேலே உறுதியான மரத்திலோ பாறையிலோ கயிற்றைக் கட்டி ஏறலாம். வெடிப்புகளில் செருகி எடுக்கும் கருவிகளும் இருக்கின்றன. ஏறவே கூடாது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

1955 மே 25-ஆம் தேதி இமயமலையின் கஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உச்சிக்குச் சில அடி கீழே நின்றுவிட்டார்கள். சிக்கிம் மக்கள் புனிதமாகக் கருதும் உச்சியை மிதிப்பதில்லை என்று அவர்களது குழு முன்னரே வாக்குக் கொடுத்திருந்தது. மறுநாள் ஏறிய இருவரும் அப்படியே செய்தார்கள். 8,586 மீட்டர் மலையில், யாரும் பார்க்காத இடத்தில் அந்தச் சில அடியை விட்டுக்கொடுத்தார்கள். முதலில் ஏறியவர்கள் என்ற பெயர் அதனால் அவர்களுக்குக் குறையவில்லை.

நன்கொடையைப் பற்றி: கேட்டதற்குப் பதில் வருவதற்கு முன்னால் நீட்டும் பணத்துக்கு ஊரில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குக் கொடுக்க ஆசையிருந்தால், எதுவும் கேட்காத ஒரு நாளில் கொடுங்கள்.

ஊர் சம்மதித்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. அந்தப் பாறை காப்புக்காட்டுக்குள் இருந்தால், வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. கூடட்டும் என்றுதான் நான் சொல்வேன். பட்டா நிலம் அல்லது காப்பித் தோட்டம் என்றால் உரிமையாளரைக் கேளுங்கள்.

நண்பரிடம் சண்டை வேண்டாம். கீழே நின்று கயிறு பிடிக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றவர்களும் அதையே சொன்னால் அவர் தனியாக என்ன செய்துவிடுவார்? இன்னொன்று: ஊரிடம் முடிவு தெரியும்வரை அந்தப் பாறையின் படத்தை இடம் குறிப்பிட்டு இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். உங்களைப் போல் கேள்வி கேட்டு எழுதாதவர்களும் அதைப் பார்ப்பார்கள்.