கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா? சைக்கிளை மாற்றும் முன் பாதத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 61. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நான்கு மாதங்களில் இரண்டு முறை சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன். காலையில் முகம் கழுவும்போதுகூடத் தள்ளாடுகிறது. தலைசுற்றல் மாத்திரை என்று சின்னரிசின் வாங்கித் தினமும் போட்டுக்கொள்கிறேன். இனி சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் வாங்கலாம் என்றிருக்கிறேன். முன்னால் இரண்டு சக்கரம் உள்ளது நல்லதா, பின்னால் இரண்டு உள்ளது நல்லதா? அப்படி ஓட்டினால் புராஸ்டேட்டும் இதயமும் கெடும் என்று இணையத்தில் படித்தேன். பார்கின்சன் நோயின் தொடக்கமோ என்று என் மனைவி பயப்படுகிறார்.

பதில்: முகத்தில் சோப்பு போடும்போது கண்ணை மூடுகிறீர்கள். மூடிய உடனே உடல் ஆடுகிறது. கை தானாகப் போய்க் குழாயைப் பிடித்துக்கொள்கிறது. போகிறபோக்கில் எழுதிவிட்ட அந்த ஒரு வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நாம் விழாமல் நிற்பது மூன்றின் தயவால்: கண், உள்காது, பாதத்திலிருந்து முதுகுத்தண்டு வழியாக மூளைக்குப் போகும் உணர்வு. பாதம் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டால், அந்த வேலையையும் கண்ணே சேர்த்துப் பார்க்கிறது. கண்ணை மூடினாலோ இருட்டில் நடந்தாலோ குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே உங்களுக்கு இருப்பது தலைசுற்றலாக எனக்குப் படவில்லை. அறை சுழல்வதாக நீங்கள் எங்குமே எழுதவில்லை. காலில் போட்ட செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நான்கு அடி நடந்ததுண்டா? யோசித்துப் பாருங்கள்.

14 ஆண்டுச் சர்க்கரை நோய் பாதத்து நரம்பை மரக்க வைக்கலாம். நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கு வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைபாடு பாத நரம்பை மட்டுமல்ல, முதுகுத்தண்டுக்குள் ஓடும் தண்டுவடத்தையும் தாக்கும். பி12 குறைவைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். விட்டுவைத்தால் சேதம் நிலைத்துவிடும். இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். கணுக்கால் எலும்பில் இசைக்கவையை (தட்டினால் அதிரும் உலோகக் கவை) வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பி12 அளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அந்தப் பரிசோதனைக்கு முன் நீங்களாகவே சத்து மாத்திரை எதையும் தொடங்காதீர்கள். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் ஆசிட் என்ற சத்து மாத்திரையை மட்டும் விழுங்கினால் ரத்தசோகை தீர்ந்ததுபோல் தோன்றும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். மெட்ஃபார்மினையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, நாளுக்கு நாள் நடை மோசமாவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அது கழுத்தில் தண்டுவடம் நசுங்குவதாகவும் இருக்கலாம்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: கண்ணை மூடினால் மட்டும் கூடும் தள்ளாட்டம் பார்கின்சனின் வழக்கமான தொடக்கம் அன்று. ஆனால் மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கும் அந்தச் சின்னரிசின் மாதக்கணக்கில் உள்ளே போனால், முதியவர்களுக்குக் கை நடுக்கத்தையும் உடல் விறைப்பையும் தானே உண்டாக்கலாம். அவர் பயப்படும் நோயின் அதே முகம். யார் எழுதிக் கொடுத்தார்கள் இதை? அட்டையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டி நிறுத்துங்கள்.

இணையம் கிளப்பிய பீதிகளை விடுங்கள். சாய்வு இருக்கையில் உடல் எடையை முதுகும் பிட்டமும் தாங்குவதால், புராஸ்டேட் இருக்கும் கவட்டைப் பக்கத்தில் சாதாரண சீட்டைவிட அழுத்தம் குறைவு. சாய்ந்து மிதிப்பதாலேயே இதயம் கெடாது.

இனி வண்டி. வாங்குங்கள், தடையில்லை. முன்னால் இரண்டு சக்கரம் உள்ளது வேகமாகத் திரும்பும்போதும் எளிதில் கவிழாது. ஆனால் இருக்கை பெரும்பாலும் மிகத் தாழ்வாக இருக்கும். பின்னால் இரண்டு உள்ளவற்றில் இருக்கை பெரும்பாலும் நாற்காலி உயரத்தை ஒட்டி வரும்; வளைவில் மட்டும் வேகத்தைக் குறைக்க வேண்டும். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து பாருங்கள். மூன்றாவது முறையே தொடை நடுங்கினால் தாழ்ந்த வண்டி வேண்டாம். இரண்டு வகையிலும் ஒருமுறையாவது ஏறி இறங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு இதைவிட முக்கியமானது மிதி, அதாவது பெடல். இந்த வண்டிகளில் பாதம் முன்னே தூக்கி நீட்டியிருக்கும். உணர்வு மரத்த பாதம் மிதியிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி நின்றுவிடாது. காலைப் பின்னால் மடித்து இழுத்துக்கொண்டே உருளும். எலும்பு முறியும் விபத்து இது. குதிகாலைத் தாங்கும் கிண்ணமும் பாதத்தைப் பிடிக்கும் பட்டையும் உள்ள மிதி இல்லாமல் ஒரு தெருகூட ஓட்டாதீர்கள். ஓட்டி முடித்ததும் காலுறையைக் கழற்றி, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். பட்டை உராய்ந்து புண்ணானால் உங்கள் பாதம் அதைச் சொல்லாது.

முழங்காலுக்கு ஒரு சொல்: முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து கனமான கியரில் உந்தித் தள்ளாதீர்கள், இலேசான கியரில் வேகமாக மிதியுங்கள். இறங்கும்போது வண்டி உருளாமல் இருக்க வண்டியை நிறுத்திவைக்கும் பிரேக் (பார்க்கிங் பிரேக்) அவசியம். புராஸ்டேட்டுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவரானால், உடனே எழுந்து நிற்காமல் இருக்கையிலேயே ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டு எழுங்கள்.

பரிசோதனை முடிவு வரும்வரை பழைய சைக்கிளைத் தொட வேண்டாம். முகத்தை உட்கார்ந்து கழுவுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் இன்றிரவு முதல் ஒரு விளக்கு எரியட்டும்.