யாழ்ப்பாணத்தவரிடம் சொந்தக் கப்பல்கள் இருந்தனவா?

இருந்தன, அதுவும் கடல் கடந்து போகும் பாய்க்கப்பல்கள். நீராவிக் கப்பல் கொம்பனிகள் வந்த பிறகும் வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆட்கள் தங்கள் கப்பல்களிலேயே சரக்கு ஏற்றினார்கள். இங்கிருந்து திருவிதாங்கூருக்குப் புகையிலை, பர்மாவிலிருந்து இங்கே அரிசி. கப்பலைக் கட்டுவதும் ஊரில்தான், ஓட்டும் தண்டையலும், அதாவது கப்பல் தலைவரும், ஊர்க்காரர்தான்.

அன்னபூரணியைச் சொல்லாமல் விட முடியாது. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வேப்பமரத்தில் கட்டிய, ஏறக்குறைய 89 அடி நீளக் கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கினார், சரி, வாங்கியதை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? எங்கள் மாலுமிகள்தான் அந்த மரக்கலத்தை ஏடன், சூயஸ் வழியாக ஓட்டி, அட்லாண்டிக்கையும் தாண்டி, 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். அப்போது அதன் பெயர் புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று மாறியிருந்தது, ஊரில் மட்டும் இன்றைக்கும் அது அன்னபூரணிதான்.