அடுக்களைக் கேள்விகள்

கேள்வி: மழை நாளில் கரண்ட் போனால் மிக்ஸி ஓடாது. வாடகை வீடு, அம்மி கிடையாது. துவையலுக்கு என்ன வழி? (வாசகி, பேராவூரணி)

பதில்: 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்ததே, அப்போது எனக்கும் இதே பாடுதான். மன்னார்குடியில் எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கொல்லையில் சாய்ந்த தென்னையின் காய்கள் குவிந்து கிடந்தன, அரைக்கத்தான் வழியில்லை. அம்மியை வீடு கட்டும்போதே கொடுத்துவிட்டோம். அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

அன்று கைகொடுத்தவை பூரிக்கட்டையும் கீரை மத்தும். நாலு வரமிளகாய், இரண்டு ஸ்பூன் உளுந்து இரண்டையும் எண்ணெய் விடாமல் சிவக்க வறுத்து, தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு நசுக்கினால் மிளகாய் துவண்டுபோய் தோலாக நிற்கும். ஆறினால் தொட்டதும் நொறுங்கும். கல்லுப்போடு சேர்த்துச் சுத்தமான வேட்டித் துணியில் மடித்து, சப்பாத்திப் பலகையில் வைத்துப் பூரிக்கட்டையால் அழுத்தி உருட்டுங்கள். தூள் உப்பு வேண்டாம், கல்லுப்புதான் மிளகாயை அறுத்துக் கொடுக்கும். தேங்காயைப் பத்தை போடாமல் பூப்பூவாகத் துருவ வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் கீரைச்சட்டியில் போட்டு, ஊறிய புளி கொஞ்சம் சேர்த்து மத்தால் இடித்துக் கடையுங்கள். திப்பிதிப்பியாகத்தான் வரும். ஆனால் சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் மிக்ஸித் துவையலைவிட ருசி. கரண்ட் வந்த பிறகும் எங்கள் வீட்டில் பல நாள் இப்படியே செய்யச் சொன்னார்கள்.

கேள்வி: எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டது. (வாசகர், திருவாரூர்)

பதில்: தரையில் தட்டாதீர்கள், விளிம்பு நெளிந்துவிடும். உள் டம்ளரில் ஜில்லென்ற தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் நிறுத்துங்கள். வெளியே உள்ளது விரியும், உள்ளே உள்ளது சுருங்கும். அரை நிமிஷத்தில் திருகி எடுத்துவிடலாம்.

கேள்வி: காபி ஃபில்டரில் டிகாஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது. விருந்தாளி வரும்போதுதான் இப்படி! (வாசகி, கும்பகோணம்)

பதில்: முதலில் மேல் பாத்திரத்தைக் கொஞ்சம் தூக்கி மறுபடி வையுங்கள். இரண்டும் இறுகப் பொருந்தினால் கீழே உள்ள காற்று வெளியேற முடியாமல் டிகாஷனை நிறுத்திவிடும். பாதி நேரம் கோளாறு அவ்வளவுதான்.

அதற்கும் இறங்காவிட்டால் துளை அடைத்திருக்கிறது. அன்றைக்குப் பொடியை வெந்நீரில் போட்டு மூடி, ஐந்து நிமிஷம் கழித்துத் துணியில் வடிகட்டிச் சமாளியுங்கள். மறுநாள் காலி மேல் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்துச் சிறு தீயில் காட்டுங்கள். துளையில் படிந்த பொடியும் பிசுக்கும் கருகி உதிரும். ஆறியதும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அடிப்பக்கத்திலிருந்து தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். எல்லாத் துளையும் ஊசிப் பொட்டாகத் தெரிய வேண்டும். பொடியை அமுக்கும்போதும் கை லேசாக இருக்கட்டும்.