அக்கா, அது கம்மாய் இல்ல!

கேள்வி: தம்பி, என் மக நார்வேல ஹாமர்ங்கற ஊர்ல வேலை பாக்குறா, ஜூலைல எங்க ரெண்டு பேரையும் வரச் சொல்றா, ஏரிக்கரை ஊரும்மா உனக்குப் பிடிக்கும்கிறா. இவரு என்னடான்னா "வண்டியூர் கம்மாயப் பாக்காதவனா நானு, அதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்"னு கிண்டல் பண்றாரு. அங்க பாக்க என்னதான் இருக்கு?
- ஒரு வாசகி, செல்லூர்

பதில்: அக்கா, மாமாவ முதல்ல உக்கார வைங்க. அந்த ஏரி பேரு மியோசா, நார்வேயிலயே பெரிசு, நீளம் மட்டும் 117 கிலோமீட்டர், மாட்டுத்தாவணில பஸ் ஏறி கோவில்பட்டி தாண்டுற வரைக்கும் ஜன்னல்ல தண்ணியாவே வந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி. ஆழம் 450 மீட்டர் கிட்ட. மீனாட்சி கோயில் தெக்குக் கோபுரத்த ஒண்ணு மேல ஒண்ணா எட்டு வச்சு இறக்குனாலும் கலசம் வெளிய தெரியாது. கம்மாயாம்ல!

ஊருக்குள்ள பழைய கதீட்ரல விட்டுறாதீங்க. 1567ல ஸ்வீடன் படை நாசம் பண்ணினது, இப்ப மிச்சம் கொஞ்சம் கல் வளைவும் சுவரும்தான், ஆனா மழையும் பனியும் கல்ல அரிக்குதுன்னு அம்புட்டுக்கும் மேல பெரிய கண்ணாடிக் கூடாரம் கட்டி 1998ல முடிச்சாங்க. மகால் தூண்ல புறா எச்சம் பாத்து வளந்த நமக்கு கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு. 1994 குளிர்கால ஒலிம்பிக் லில்லஹாமர்ல நடந்துச்சுல்ல, அதுக்கு ஐஸ் ஸ்கேட்டிங் பந்தயம் ஹாமர்லதான், கவுத்துப் போட்ட வைக்கிங் படகு மாதிரி கூரை, தூரத்துல இருந்தே தெரியும்.

செல்லூர்னு போட்டிருக்கீங்க, அதனால இதையும் சொல்றேன். மழை பேஞ்சா உங்க ஏரியா வாய்க்கால்ல நுரை பொங்குமே, மியோசாவும் 1970கள்ல அப்படி ஒரு கெட்ட காலம் பாத்துச்சு. சாக்கடையும் வயல் உரமும் சோப்புத்தூள்ல இருந்த பாஸ்பேட்டும் சேந்து பாசி மண்டி, குடிக்கிற தண்ணியே நாறிப்போச்சு. அப்புறம் சுத்திகரிப்பு நிலையம் கட்டினாங்க, வீட்டுல துணி துவைக்கிறவங்க பாஸ்பேட் இல்லாத தூளுக்கு மாறினாங்க, ஏரி தேறிருச்சு. நம்ம வாய்க்காலுக்கு எப்பவோ!

மாமாவுக்குன்னு ஒண்ணு இருக்கு, ஸ்கிப்லாட்னர்னு துடுப்புச் சக்கரம் வச்ச நீராவிக் கப்பல், 1856ல இருந்து அந்த ஏரிலதான் கிடக்கு, கோடைல மட்டும் ஓடும், அதனால மகள டைம்டேபிள் பாத்து வைக்கச் சொல்லுங்க. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதுக்காக ஸ்வெட்டர வீட்டுலயே வச்சிட்டுப் போயிறாதீங்க, கப்பல் மேல்தட்டுல காத்து சுள்ளுனு அடிக்கும்.