உப்புவெளியில் விண்கலம் இறங்க: மொடலா, சிஜியா?

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் விண்கலம் இறங்கி நிற்க, அதை நோக்கி இரண்டு பேர் நடந்து போகும் காட்சிக்கு சின்ன மொடல் செய்வதா, சிஜியா (கொம்பியூட்டரில் உருவாக்கும் படம்) என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் ஒரு நல்ல போனும் நாலைந்து நண்பர்களும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

நிற்கிற கலத்துக்கு மொடல்தான். சிஜியைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். வானத்தில் பறந்து வருகிற பகுதியை பிளெண்டர் என்ற கொம்பியூட்டர் மென்பொருளில் செய்வதே சுகம். ஆனால் மணலைத் தொட்டு நிற்கும் பொருளுக்கு நிழலும், மணலில் பட்டு அடிவயிற்றில் தெறிக்கும் வெளிச்சமும் பொருந்த வேண்டும். கொம்பியூட்டரில் அதைச் சரிக்கட்ட நாள்கணக்காகும். வெயிலில் வைத்த மொடலுக்கு அது சும்மா கிடைக்கிறது.

1:25 அளவில் செய்யுங்கள். 60 சென்ரிமீற்றர் மொடல் 15 மீற்றர்க் கலமாகத் தெரியும். கமராவிலிருந்து 2 மீற்றரில் மொடல், 50 மீற்றரில் ஆட்கள். இந்த இரண்டு தூரங்களுக்கும் இடையிலும் அதே 25 மடங்கு இருந்தால்தான் அளவு ஒத்துவரும். மொடலை ஒரு பலகையில் வைத்து, அதே கரை மணலை மெல்லிய துணியில் அரித்துப் பரப்புங்கள். அரிக்காத மணற்பருக்கை கூழாங்கல்லாகத் தெரியும். பலகை விளிம்பு பின்னால் உள்ள மணலோடு ஒன்றாகிற உயரத்துக்கு அதை ஏற்ற வேண்டும்.

போனை ட்ரைபொட்டில் இறுக்கிவிட்டுத் தொடாதீர்கள். ஒரு விரற்கடை பக்கமாக நகர்ந்தாலும் மொடல் ஆட்களைவிட வேகமாக நகர்ந்து குட்டு உடைந்துவிடும். போனின் சென்சர் சிறியது, கிட்டவும் எட்டவும் ஓரளவு கூர்மையாகவே விழும். பெரிய கமரா என்றால் லென்ஸின் துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்குங்கள். நம்முடையது கிழக்குக் கரை. காலையில் சூரியன் கடல் பக்கம் நிற்க, கலம் கருநிழலாகிவிடும். பிற்பகல் 3 மணிக்குப் பிறகு வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும், அப்போது எடுங்கள்.

எஞ்சின் காற்றில் புழுதி கிளம்பும் ஷொட்டை ஆட்கள் இல்லாமல் தனியாக எடுக்க வேண்டும். சின்ன மொடலில் எல்லாம் சட்டென்று விழுந்து அமுங்கும், பாரம் தெரியாது. அளவின் வர்க்கமூலம்தான் கணக்கு: 25க்கு 5, எனவே செக்கனுக்கு 24 பிரேமுக்குப் பதில் 120 எடுத்து, 24இல் மெதுவாக ஓட்டுங்கள். போனில் 240தான் இருக்கிறதென்றால் அது 1:100 மொடலுக்குச் சரி. புழுதிக்குக் கோதுமை மா வேண்டவே வேண்டாம். காற்றில் பறக்கும் மாவில் ஒரு பொறி பட்டால் குப்பென்று பற்றும். காய்ந்த களிமண்ணை இடித்து அரித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு ஊதுங்கள். தண்ணீர் தெறிக்கும் காட்சியை மொடலில் முயலாதீர்கள். மொடல் சிறுக்கும், துளி சிறுக்காது.

இரவில் வீட்டுக்குள் எடுத்தால் கரண்ட் லைட் செக்கனுக்கு 100 தடவை துடிப்பது 120 பிரேமில் பட்டை பட்டையாகத் தெரியும். 12 வோல்ட் எல்இடி பட்டியை மோட்டார்சைக்கிள் பற்றரியில் நேரே கொடுங்கள், துடிப்பு நின்றுவிடும்.

மொடலை ரெஜிபோமில் (பெட்டிகளில் பொதிந்து வரும் வெள்ளை நுரைப் பலகை) செய்தால் ஸ்பிறே பெயின்ற் அதை அரித்துக் குழியாக்கிவிடும். முதலில் வெள்ளைப் பசை இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ற். ஸ்பொஞ்சில் உயிரினம் செய்கிற எண்ணம் இருந்தால் நனைய விடாதீர்கள். 1993இல் வந்த ஜுராசிக் பார்க்கின் மழைக் காட்சியில் பெரிய டைனோசரின் நுரைரப்பர் தோல் தண்ணீரைக் குடித்துப் பாரமாகி, உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கியது. அவ்வளவு பெரிய பட்டறைக்கே அந்தக் கதி.

கேட்காததையும் சொல்கிறேன், மனம் பொறுக்கவில்லை. கல்யாண அலங்காரம், மேடை, படம் என்று எதற்கும் கடற்கரையில் உட்கார்ந்து ரெஜிபோம் அறுக்கிறார்கள். அந்த வெள்ளை மணிகள் காற்றோடு கடலுக்குப் போகின்றன, மீன் இரையென்று விழுங்குகிறது. பக்கத்து நிலாவெளிக்கு முன்னால்தான் புறாமலைத் தீவின் பவளப்பாறை இருக்கிறது. வீட்டிலேயே, ஜன்னலைத் திறந்து வைத்து, பற்றரியில் சூடாக்கிய நிக்குரோம் கம்பியால் வெட்டுங்கள். தூள் பறக்காது, வெட்டும் வழவழப்பாக வரும்.